பெரியம்மா மறைத்த 22 கிலோ

வானொலியில் நேயர்களிடம் வயதைக்கூடக் கேட்டுவிடலாம். எடையைக் கேட்டால் மறுமுனையில் தொலைபேசி வைக்கப்பட்டுவிடும்!

என் பெரியம்மாவும் அப்படித்தான். பித்தப்பைக் கல் அறுவைச் சிகிச்சைக்கு முன், மயக்க மருந்து நிபுணரைப் பார்க்க நான்தான் அழைத்துப் போனேன். தாதி எடையைக் கேட்டதும், "82" என்றார் பெரியம்மா. தராசு 104 காட்டியது.

"கல்லைத்தானே எடுக்கப் போறாங்க, எடை எதுக்கு?" என்று என் காதில் முணுமுணுத்தார். டாக்டருக்கும் கேட்டுவிட்டது. கோபப்படாமல் விளக்கினார்.

தூங்க வைப்பது ஒரு மருந்து; தசைகளைத் தளர்த்துவது வேறொரு மருந்து. இரண்டாவது மருந்து மூச்சுவிடும் தசைகளையும் செயலற்றதாக்கும். அதனால்தான் குழாய் வைத்து, இயந்திரத்தின் மூலம் மூச்சு கொடுக்கிறார்கள்.

இதில் அதிகம் பயன்படும் ரொக்குரோனியம் கொழுப்பில் அவ்வளவாகச் சேராது. 104 கிலோவுக்குக் கணக்கிட்டுக் கொடுத்தால், தசைகள் எழ நெடுநேரமாகும். ஆகவே பொதுவாக உயரத்துக்கு ஏற்ற எடையைத்தான் பார்க்கிறார்கள். பெரியம்மாவின் உயரம் 155 செ.மீ. பெண்களுக்கு அதில் 105-ஐக் கழித்தால், சுமார் 50 கிலோ!

"அப்படியென்றால் உண்மையான எடை எதற்கு?" என்று நானும் கேட்டேன்.

எல்லா மருந்தும் ஒன்றல்லவாம். சக்சினைல்கோலின் என்ற தசைத்தளர்வு மருந்துக்கு முழு எடைதான் கணக்கு. ரொக்குரோனியத்தை முறிக்கும் சுகமாடெக்ஸ் மருந்துக்கும் உண்மையான எடையைப் பார்க்கும்படியே அதன் குறிப்பு சொல்கிறது. 82 என்று நம்பிக் கொடுத்தால், முறிவு மருந்து போதாமல் போகலாம். கண் விழித்தும் மூச்சுத் தசைகள் தளர்ந்தே கிடக்கலாம். உடல் பருமன் உள்ளவர்களுக்கு மூச்சு குறைந்தால், ரத்தத்தில் ஆக்சிஜனும் வேகமாக இறங்கிவிடும்.

கணக்கை மட்டும் நம்புவதில்லை. மணிக்கட்டு நரம்பில் நான்கு முறை லேசான மின்தூண்டல் கொடுத்து, கட்டைவிரல் எப்படித் துடிக்கிறது என்று பார்த்த பிறகே குழாயை எடுப்பார்களாம்.

இதையெல்லாம் கேட்ட பெரியம்மா, "டாக்டர், ராத்திரியில நான் பலமா குறட்டை விடுவேன். நடுவுல மூச்சு நிக்குதுன்னு பையன் சொல்வான்" என்றார். டாக்டர் உடனே குறித்துக்கொண்டார். தூக்கத்தில் மூச்சு நிற்பவர்களுக்குக் கூடுதல் கண்காணிப்பு தேவையாம். அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது.

உறவினர்களிடம் எடையைக் குறைத்துச் சொல்லுங்கள், பரவாயில்லை. மயக்க மருந்து டாக்டரிடம் மட்டும் வேண்டாம்.