லோசானில் முடிந்த பந்தயம்

இந்தியக் கால்பந்தின் இரண்டாம் பிரிவாகிய ஐ-லீக் போட்டியில் 12 அணிகளும் தத்தம் 22 ஆட்டங்களை ஆடி முடித்து, 2025 ஏப்ரல் 6ஆம் தேதி கடைசி விசிலும் ஊதப்பட்டபோது, குற்றாலத்துப் பேரருவி மெலிந்து பாறையின் நிறம் வெளியே தெரிகிற கோடைக்காலம் நடந்துகொண்டிருந்தது. அந்தப் போட்டியில் வென்றவர் யார் என்று தீர்ப்பு வந்த ஜூலை 18ஆம் தேதியோ, சாரல் விழுந்து, ஐந்தருவிச் சாலையில் வண்டி நகர இடமில்லாமல் கூட்டம் நெருக்குகிற நடுச் சீசன். ஆடி முடித்த பந்தயத்துக்கு முடிவு தெரிய மூன்று மாதங்களுக்கு மேல் ஆயிற்று என்பதும், அந்த முடிவு இந்தியாவின் எந்த மைதானத்திலும் பிறக்காமல் சுவிட்சர்லாந்து தேசத்து லோசான் நகரில், விளையாட்டு வழக்குகளுக்கான சர்வதேச நடுவர் மன்றத்தில் பிறந்தது என்பதும், விளையாட்டில் சிரத்தையுள்ளவர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டிய சங்கதிகள்.

கடைசி நாளன்று கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் அணி ஸ்ரீநகரில் ரியல் காஷ்மீர் அணியோடு 1-1 என்று சமன் செய்து 40 புள்ளிகளோடு நின்றது. இன்டர் காசி அணி ராஜஸ்தான் யுனைடெட் அணியை 3-1 என்று வென்று 39 புள்ளிகளோடு அதற்கு அடுத்தபடியாக நின்றது. அட்டவணையைப் பார்த்தால் விவகாரம் அவ்வளவில் முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஜனவரி மாதத்தில் நாம்தாரி அணியிடம் காசி அணி தோற்ற ஓர் ஆட்டத்தில், தடையில் இருந்திருக்க வேண்டிய ஆட்டக்காரர் ஒருவரை நாம்தாரியார் களத்தில் இறக்கினார்கள் என்ற ஆட்சேபம் அப்போதே எழுந்திருந்தது. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு அந்த ஆட்டத்தின் 3 புள்ளிகளையும் காசிக்கே அளித்தது. மேல்முறையீட்டுக் குழு அதை ரத்துச் செய்தது. சம்மேளனம் சர்ச்சிலை வெற்றியாளராக அறிவித்தது. கோப்பை வழங்கும் விழாவை நிறுத்திவைக்கும்படி லோசானிலிருந்து உத்தரவு பிறந்த அதே நாளில் கோவாவில் கோப்பை கைமாறியும் விட்டது. இதனிடையே, காசி அணி ஒரு ஸ்பானிய ஆட்டக்காரரின் பதிவை நீக்கிவிட்டுப் பிற்பாடு மீண்டும் பதிந்துகொண்டது விதிக்கு விரோதம் என்று மற்ற அணிகள் தொடுத்த வழக்கு வேறு தனியாக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டிலும் இறுதியில் காசியின் பக்கமே நியாயம் என்று லோசான் மன்றம் கண்டது. அவ்விதமாகக் காசி 42 புள்ளிகளோடு முதல் ஸ்தானத்தை அடைந்தது.

தென்காசி வட்டாரத்துக் கிராமங்களில் கோயில் கொடையை ஒட்டி இரவெல்லாம் விளக்கு வெளிச்சத்தில் நடக்கிற கபடிப் பந்தயங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வழக்கின் விஷயம் புதிதன்று. வெளியூர் ஆளை உள்ளூர்ப் பெயரில் இறக்கிவிட்டார்கள், போன சுற்றில் வேறு அணிக்கு ஆடியவன் இந்தச் சுற்றில் இந்த அணிக்கு வந்து நிற்கிறான் என்ற கூச்சல் எழாத பந்தயம் அபூர்வம். அங்கே விழாக் கமிட்டியார் மேடைக்குப் பின்னால் போய்ப் பத்து நிமிஷம் பேசுவார்கள். ஒலிபெருக்கியில் ஒரு முடிவு சொல்லப்படும். தோற்ற பக்கத்தார் முணுமுணுத்துக்கொண்டே வேனில் ஏறிப்போவார்கள். நோட்டீஸின் அடியில் நடுவர்களின் தீர்ப்பே இறுதியானது என்று அச்சடித்திருப்பது வெறும் அலங்காரத்துக்காக அல்ல. அந்தத் தீர்ப்பு எப்போதும் தர்மமான தீர்ப்பு என்று நான் சாதிக்க வரவில்லை; கமிட்டியில் யாருடைய மைத்துனர் இருக்கிறார் என்பதைப் பொறுத்து அது சாய்வதும் உண்டு. ஆயினும் அடுத்த ஆட்டம் தொடங்குமுன் அது சொல்லப்பட்டுவிடுகிறது. சம்பளம் பெறும் அதிகாரிகளும், வக்கீல்களும், கணிப்பொறிப் பதிவேடுகளும் உள்ள ஒரு தேசிய சம்மேளனம், ஜனவரியில் நடந்த ஆட்டத்தைப் பற்றிய ஆட்சேபத்தை ஏப்ரலுக்குள்ளாவது நிலையாகத் தீர்த்துக்கொள்ள முடியாமல் போனதற்கு என்ன சமாதானம் சொல்வது?

இன்டர் காசியின் வெற்றியில் எங்கள் தென்காசி ஊர்க்காரர்களுக்கு ஓர் அந்தரங்கமான சந்தோஷம் இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. காசிக்குப் போக இயலாதவர்கள் இங்கேயே விசுவநாதரைத் தொழட்டும் என்று 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பியதாகச் சொல்லப்படும் கோயிலின் நிழலில் வாழ்கிறவர்கள், காசி என்று பெயர் வைத்த எந்த அணிக்கும் அரைப் பங்கு உரிமை கொண்டாடுவது இயல்பே. ஆனால் அந்த அணி 2023இல் பிறந்தது. கீழ்ப் பிரிவுகளில் ஆடி ஏறி வராமல், விண்ணப்பம் செய்து நேரே ஐ-லீகில் பிரவேசித்தது. தன் சொந்த ஆட்டங்களையும் கங்கைக் கரைக் காசியில் அன்றி வங்காளத்துக் கல்யாணி மைதானத்திலேயே ஆடிவந்தது. ஆகவே நம்முடைய பாத்தியதையைச் சற்று அடக்கத்தோடு கொண்டாடுவதே நல்லது.

என் அபிப்பிராயத்தில், இரண்டாம் பிரிவுப் போட்டி ஒன்றுக்கு உயிராக இருப்பது ஒரே ஒரு வாக்குறுதிதான்: இந்தக் களத்தில் யார் முந்துகிறாரோ அவர் அடுத்த ஆண்டு மேலே ஆடுவார் என்ற வாக்குறுதி. முதல் பிரிவில் ஆட்டத்தின் நேர்த்தி உண்டு, கீர்த்தி உண்டு, தொலைக்காட்சி உண்டு. அவை எல்லாம் இல்லாத இரண்டாம் பிரிவில், திங்கட்கிழமை பிற்பகல் வெயிலில் சில நூறு பேர் முன்னிலையில் ஆடுகிற ஆட்டக்காரனை ஓடவைப்பது அந்த நம்பிக்கை ஒன்றே. இந்தியாவில் அது எத்தனை அலட்சியமாகக் கையாளப்பட்டது என்பதற்கு ஐ-லீகின் வரலாறே சாட்சி. 2007இல் தொடங்கியபோது அது நாட்டின் முதல் பிரிவு. 2014இல் பணபலத்தோடு பிறந்த ஐ.எஸ்.எல். போட்டி வளர வளர, ஒரு பந்துகூட உதைக்கப்படாமல், 2019 அக்டோபரில் கோலாலம்பூரில் கூடிய ஆலோசனைக்குப் பின் வந்த திட்டத்தினால் ஐ.எஸ்.எல். முதல் பிரிவின் இடத்தைப் பிடிக்க, ஐ-லீக் இரண்டாம் பிரிவாயிற்று. மைதானத்தில் தோற்றுக் கீழிறங்கிய அணிகள் உலகெங்கும் உண்டு. ஒரு போட்டி முழுவதுமே காகிதத்தில் கீழிறங்கிய விந்தை நமக்குரியது.

அந்த இறக்கத்துக்குச் சில மாதங்கள் முன்புதான், 2019 மார்ச்சில், சென்னை சிட்டி அணி கோயம்புத்தூர் ஜவஹர்லால் நேரு மைதானத்தில் மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் பின்தள்ளி ஐ-லீக் பட்டத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது. சிங்கப்பூரைச் சேர்ந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸும், 21 கோல்கள் அடித்த பெட்ரோ மான்சியும் அந்த ஆண்டின் நாயகர்கள். ஆசிய சாம்பியன்ஸ் லீகின் தகுதிச் சுற்றில் ஆடும் யோக்யதையும் அந்த வெற்றியால் கிடைத்தது. ஆனால் ஐ.எஸ்.எல்.லுக்குள் போகும் கதவு திறக்கவில்லை. அதற்கு அடுத்த பட்டம் பெற்ற மோகன் பகான், ஏற்கெனவே ஐ.எஸ்.எல்.லில் இருந்த மற்றோர் அணியோடு இணைந்து அங்கே போய்ச் சேர்ந்தது. ஈஸ்ட் பெங்கால் ஒரு பெரிய முதலீட்டாளரின் துணையோடு அங்கே போயிற்று. 2020-21இலும் 2021-22இலும் தொடர்ந்து வென்ற கோகுலம் கேரளா அணியோ இருந்த இடத்திலேயே இருந்தது. ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சீசனுக்கு வருகிற மலையாளிகளிடம் அருவிக்கரையில் கால்பந்துப் பேச்சை எடுத்தால் இந்த அநியாயத்தை அவர்கள் நெடுநேரம் விவரிப்பார்கள், கேட்கிறவர் தலையில் எண்ணெய் காய்ந்துபோகிற வரைக்கும். களத்தில் வென்று முறையாக ஏறிய முதல் அணி, 2022-23இல் வென்ற பஞ்சாப், அதற்கு மறு ஆண்டு கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங், மூன்றாவது காசி.

இந்த நோய் நம் நாட்டுக்கு மட்டும் உரியது என்று நினைத்து வருந்துவதற்கும் இடமில்லை. ஒரு பக்கத்துக்கு 15 பேர், முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி ஓடும் ரக்பி யூனியன் ஆட்டத்தில், இங்கிலாந்தின் இரண்டாம் பிரிவுக்கு 2025 வரை சாம்பியன்ஷிப் என்று பெயர். ஏறும் வழி திறந்திருந்தால் என்ன விளையும் என்பதற்கு அங்கே எக்ஸிட்டர் அணி உதாரணம். 2010இல் இறுதிப் போட்டியில் பிரிஸ்டலை வென்று மேலே போன அந்தத் தென்மேற்கு மூலை நகரத்து அணி, 2017இல் முதல் பிரிவின் பட்டத்தையே பெற்றது. 2020இல் அதே பட்டத்தோடு ஐரோப்பியக் கோப்பையையும் சேர்த்துக்கொண்டது. வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு மேற்கு லண்டனின் ஈலிங் அணியைப் பார்க்கலாம். 2021-22இல் அது சாம்பியன்ஷிப்பில் முதலிடம் பெற்றது. ஆனால் அதன் மைதானத்தில் 10,001 பேர் அமர இடமில்லை என்பதால் மேலே விடப்படவில்லை. பத்தாயிரத்துக்கு மேல் அந்த ஒரே ஒரு மனிதர் யார், அவருக்கு எந்த வரிசையில் ஆசனம் போட வேண்டும் என்று நான் பல தடவை யோசித்ததுண்டு. 2023-24இலும் அதே அணி வென்றது. அப்போதும் யோக்யதைப் பரீட்சையில் தேறவில்லை.

மைதானத்துக்கும் பணத்துக்கும் நிபந்தனை விதிப்பதே கூடாது என்று வாதிப்பவர்களோடு நான் சேர மாட்டேன். 2022-23ஆம் ஆண்டின் சாம்பியன்ஷிப்பை வென்ற ஜெர்சி ரெட்ஸ் அணி, பட்டம் பெற்ற சில மாதங்களுக்குள், 2023 செப்டம்பரில், கையிருப்பு வற்றிச் செயல்பாட்டையே நிறுத்திக்கொண்டது. அத்தகைய அணி மேலே போய் நடுவில் நொடித்துப்போயிருந்தால், சம்பளம் இல்லாத ஆட்டக்காரர்களுக்கு யார் பதில் சொல்வது என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் அந்நாட்டு ரக்பிச் சம்மேளனம் 2020இல் இரண்டாம் பிரிவுக்குத் தந்துவந்த உதவித்தொகையை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துவிட்டு, பிறகு அந்த அணிகளைப் பார்த்து உங்களிடம் பணம் இல்லையே என்று கேட்பதில் என்ன தர்மம் இருக்கிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. மேலும் 2022இல் வூஸ்டரும் வாஸ்ப்ஸும், 2023இல் லண்டன் ஐரிஷும் முதல் பிரிவில் இருந்துகொண்டே நொடித்தன. பணக்கஷ்டம் கீழ்ப் பிரிவுக்கு மட்டும் ஏற்பட்ட தோஷம் என்று சொல்வோர் இதை மறந்துவிடுகிறார்கள்.

இங்கேயும் கதை வேறு விதமாக இல்லை. லோசான் தீர்ப்பு வருவதற்கு ஒரு வாரம் முன்னர், ஜூலை 11ஆம் தேதி, ஐ.எஸ்.எல்.லை நடத்தும் நிறுவனம், சம்மேளனத்தோடு 2010இல் செய்துகொண்ட 15 ஆண்டு ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறபடியால் அடுத்த ஆண்டுப் போட்டியை நிறுத்திவைப்பதாக அணிகளுக்கு அறிவித்துவிட்டது. மாதக்கணக்கில் வழக்காடிக் காசி பெற்ற உரிமை, அப்போதைக்கு இல்லாமலே போயிருந்த ஒரு போட்டிக்குள் நுழையும் உரிமை! உச்ச நீதிமன்றம் வரை விவகாரம் போய், அந்தப் போட்டி 2026 பிப்ரவரியில்தான் தொடங்க முடிந்தது. மேலே உள்ளவர்களின் நிலை இப்படி ஆட்டங்கண்டிருக்க, கீழிருந்து வருகிறவனிடம் மட்டும் ஸ்திரத்தன்மைக்கு அத்தாட்சி கேட்பது வேடிக்கை.

ஐ.எஸ்.எல். பிறந்தது முதல் 2024-25 வரை, கடைசி இடம் பெற்றதற்காக ஓர் அணியும் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்படவில்லை. இறக்கம் என்ற பயம் இருந்தால் முதலீட்டாளர்கள் வரமாட்டார்கள் என்று இதற்குக் காரணம் சொல்கிறார்கள். பயமில்லாத இந்தப் பத்து வருஷங்களில் வந்த முதலீடு எங்கே நின்றது என்பதை 2025இல் பார்த்தோம். இறங்கும் அணிக்கு இரண்டு ஆண்டுகள் உதவித்தொகை கொடுங்கள், ஏறும் அணிக்கு மைதானத்தைச் சீர்செய்ய மூன்று ஆண்டுகள் தவணை கொடுங்கள். இவற்றைப் பற்றிப் பேசி முடிவுக்கு வரலாம். பேசவே இடமில்லாதது ஒன்று உண்டு: நிபந்தனைகள் யாவும் முதல் ஆட்டத்துக்கு முன்பே அச்சில் வந்து, எந்தெந்த அணி அவற்றைப் பூர்த்தி செய்திருக்கிறது என்று அப்போதே பகிரங்கமாகச் சொல்லப்பட வேண்டும், ஆட்டக்காரரின் தகுதியைப் பற்றிய ஆட்சேபம், மேல்முறையீடு உட்பட, குறித்த சில வாரங்களுக்குள் தீர்ந்தாக வேண்டும். இதற்குப் பணம் வேண்டியதில்லை, முதலீட்டாளர் வேண்டியதில்லை; குழு உறுப்பினர்கள் நேரத்தோடு கூடினால் போதும்.

தமிழ்நாட்டுக்கு இதில் என்ன லாபம் என்று கேட்கலாம். குமரி மாவட்டக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜும், சென்னையின் நந்தகுமார் சேகரும் சென்னை சிட்டியின் சட்டையில் ஆடிக் கண்ணில் பட்ட பிறகே ஐ.எஸ்.எல். அணிகளுக்குப் போனார்கள். பெரிய அணிகளின் தேர்வாளர் இலஞ்சிக்கோ கடையநல்லூருக்கோ பையனைத் தேடி வரப்போவதில்லை. பக்கத்தில் எட்டும்படியான ஓர் இரண்டாம் பிரிவு அணி இருந்தால்தான் அவன் போய்ப் பரீட்சை கொடுக்க முடியும். 2024-25 ஐ-லீகின் 12 அணிகளில் தமிழ்நாட்டு அணி ஒன்றும் இல்லை. 2019இல் பட்டம் வென்ற சென்னை சிட்டியும் அந்தப் பட்டியலில் இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்ப மதுரையிலோ கோவையிலோ நெல்லையிலோ யாரேனும் ஒரு தொழிலதிபர் முன்வருவாரானால், அவர் சம்மேளனத்தாரிடம் முதலில் கேட்கப்போவது பரிசுத்தொகை எவ்வளவு என்றிராது. வென்றால் மேலே விடுவீர்களா, அதை எந்தத் தேதிக்குள் சொல்வீர்கள் என்றுதான் கேட்பார்.