லஞ்ச வழக்குக்கு 23 வருஷமா?

"லஞ்சம் கேட்கிறாங்கன்னு புகார் கொடுத்தா மட்டும் என்ன ஆகப் போகுது?" பெரிய காஞ்சிபுரம் ராஜ வீதி டீக்கடையில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. டெல்லியில் நடந்த ஒரு வழக்கைப் பார்த்தால், அப்படிக் கேட்பவர்களைக் குறை சொல்ல முடியவில்லை.

2000-ம் ஆண்டு. டெல்லியில் ஒருவர் கரண்ட் மீட்டர் கேட்டு மனு போட்டார். அதற்கு ரூ.10 ஆயிரம் லஞ்சம் கேட்டதாக மின் வாரிய பெண் ஊழியர் நீரஜ் தத்தா மீது புகார் கொடுத்தார். ரசாயன பவுடர் தடவிய நோட்டுகளைக் கொடுத்து, பொறி வைத்துப் பிடித்தார்கள். ஆனால் கோர்ட்டில் சாட்சி சொல்வதற்குள் புகார் கொடுத்தவர் இறந்து போனார்!

கீழ்க்கோர்ட்டு தண்டனை கொடுத்தது. ஐகோர்ட்டு உறுதி செய்தது. அந்தப் பெண் சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல் போனார்.

புகார் கொடுத்தவர் இறந்தாலும், பல்டி அடித்தாலும், மற்ற சாட்சியங்களை வைத்துத் தண்டிக்கலாம் என்று 5 நீதிபதிகள் 2022 டிசம்பர் 15-ந்தேதி கூறினார்கள். ஆனால் 2023 மார்ச்சில் அதே அப்பீலில் அவர் விடுதலை ஆனார். லஞ்சம் "கேட்டார்" என்பது நிரூபணம் ஆகவில்லை என்றது கோர்ட்டு.

பணம் கையில் இருந்தால் மட்டும் போதாது. கேட்டதையும் நிரூபிக்க வேண்டும். இது நியாயம்தான். பொய்ப் புகாரில் யாரும் ஜெயிலுக்குப் போகக் கூடாது. அப்பீல் செய்வதும் அவரவர் உரிமை.

ஆனால் 23 வருஷமா? விடுதலையான பெண்ணுக்கு இத்தனை வருஷமும் தலைகுனிவு. புகார் கொடுத்தவரோ தீர்ப்பைப் பார்க்கவே இல்லை.

2018-ல் திருத்திய சட்டப்படி, நிர்ப்பந்தத்தால் லஞ்சம் கொடுத்தவர் 7 நாளில் புகார் செய்ய வேண்டும். தவறினால் அவர் மீதே வழக்கு வரலாம். விசாரணையை 2 வருஷத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும், இழுத்தாலும் 4 வருஷத்தைத் தாண்டக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. அப்பீலுக்கு மட்டும் அதில் கெடு இல்லை. ஜனங்களுக்கு 7 நாள். அப்பீலுக்கு எத்தனை வருஷம் வேண்டுமானாலும் ஆகலாமா?

புகார் கொடுத்தவரை முதல் சாட்சியாகக் கூப்பிட்டு, குறுக்கு விசாரணையையும் உடனே முடித்து விட வேண்டும். அப்பீலுக்கும் கெடு வைக்க வேண்டும்.

பாவில் ஒரு இழை அறுந்தால் நம்ம ஊர் நெசவாளி அப்போதே தறியை நிறுத்திப் பிணைக்கிறார். 23 வருஷம் கழித்து இழையைத் தேடினால் கிடைக்குமா?