சில்லு வழுக்கலுக்குப் பாரம் ஒன்றே மருந்தன்று

உழவு இயந்திரத்தின் சில்லு நின்ற இடத்திலேயே சுழலுவதைக் காணாத கமக்காரர் எவருமிலர். எஞ்சின் உறுமுகின்றது, புகை கக்குகின்றது, ரயர் மண்ணைப் பின்னால் வாரி எறிகின்றது, கலப்பையோ ஓரடிதானும் முன்னேறுவதில்லை. இவ்வாறு வீணாகும் ஒவ்வொரு சுற்றுக்கும் டீசல் செலவாகின்றது, ரயர் தேய்கின்றது, உழவுக்கேற்ற ஈரம் நிலத்தில் நிற்கும் சில நாட்களும் கழிந்துவிடுகின்றன. 2022ஆம் ஆண்டில் டீசலுக்காக வரிசையில் காத்து நின்ற கமக்காரருக்கு, ஒரு லீற்றர் வீண்போவதன் பொருளை எவரும் எடுத்துக் கூறவேண்டியதில்லை.

இக்குறைக்குக் கிராமங்களில் இரண்டு பரிகாரங்கள் கூறப்படுகின்றன. எஞ்சின் வலு போதாது, பெரிய இயந்திரம் வாங்கவேண்டும் என்பது ஒன்று. மண்மூடைகளை ஏற்றிப் பாரத்தைக் கூட்டவேண்டும் என்பது மற்றையது. முதலாவது பெரும்பாலும் தவறானதாகும். வீணே சுழலும் சில்லு எஞ்சினுக்கு வலு உண்டு என்பதற்கே சாட்சி. அவ்வலுவை நிலம் பற்றிக்கொள்ளவில்லை என்பதே அங்குள்ள குறை. இரண்டாவது பரிகாரம் பாதி உண்மை. மேட்டு நிலத்தில் பாரம் நன்மை தரும். சேற்று வயலிலோ அதுவே கேடு செய்யும். வீட்டிலும் ஊர்ப் பட்டறையிலும் சிறு செலவிற் செய்யத்தக்க திருத்தங்கள் பல உள்ளன. அவற்றை மண்ணுக்கேற்பத் தெரிந்து செய்தால், பெரிய இயந்திரத்துக்குக் கடன்படவேண்டிய தேவை பலருக்கு நேராது என்பது எமது கருத்து.

மண் இருவகையாகப் பிடிக்கும்

உலர்ந்த மண்ணிலும் மணற்பாங்கான மண்ணிலும் துணிக்கைகள் ஒன்றோடொன்று உராய்வதனாலேயே பிடிப்பு உண்டாகின்றது. மேலிருந்து அழுத்தும் பாரம் கூடக்கூட உராய்வும் கூடும். யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களிலும், காலபோக மழைக்கு முன்னர் புழுதி உழவு செய்யப்படும் வன்னி நிலங்களிலும் சில்லின்மேற் பாரம் ஏற்றுவது பயன் தருவது இக்காரணத்தினாலாகும்.

நீர் தேங்கிய களிமண்ணின் இயல்பு வேறு. அங்கே துணிக்கைகளுக்கிடையே நீர் நிறைந்திருத்தலால் உராய்வு மிகக் குறைவு. களியின் ஒட்டுந்தன்மையே பிடிப்பைத் தருகின்றது. எவ்வளவு அழுத்தினாலும் அவ்வொட்டுந்தன்மை கூடுவதில்லை. எவ்வளவு பரப்பில், எவ்வளவு ஆழத்தில் சில்லின் பற்கள் மண்ணைப் பற்றுகின்றன என்பதைப் பொறுத்தே பிடிப்புக் கூடும் அல்லது குறையும். முருங்கன் பகுதியின் கருங்களி வயலில் மண்மூடை ஏற்றிய இயந்திரம் முன்னே செல்வதற்குப் பதிலாகக் கீழே இறங்குவது இதனாலேயே.

முதலில் அளந்து பார்க்க

எத்திருத்தத்தையும் செய்யுமுன் வழுக்கல் எவ்வளவு என அறிதல் வேண்டும். இதற்குச் சுண்ணக்கட்டி ஒன்றும், முளைகள் இரண்டும், அளவு நாடா ஒன்றும் போதும். ரயரின் பக்கத்தில் ஓர் அடையாளம் இடுக. கலப்பையை நிலத்தில் இறக்காது இயந்திரத்தை வயலில் ஓட்டி, சில்லு பத்துச் சுற்றுச் சுற்றுவதற்குள் செல்லும் தூரத்தை அளக்க. பின்னர் அதே நிலத்தில் கலப்பையை இறக்கி உழுதவாறு பத்துச் சுற்றுக்குரிய தூரத்தை அளக்க. முதலில் 20 மீற்றரும் இரண்டாவது முறை 17 மீற்றரும் வந்தால், 3 மீற்றர் வழுக்கலிற் போயிற்று. அது நூற்றுக்கு 15 வீதமாகும்.

மேட்டு நிலத்தில் 10 முதல் 15 வீதம் வரை வழுக்கல் இருத்தல் இயல்பே. 20 வீதத்தைக் கடந்தால் பரிகாரம் தேவை. 5 வீதத்துக்கும் குறைவாயின், இயந்திரம் வேண்டாத பாரத்தைச் சுமந்து டீசலைச் செலவழிக்கின்றது எனக் கொள்க. சேற்று வயலில் இதனினும் மிகுந்த வழுக்கல் தவிர்க்கமுடியாததாகும். எனினும் திருத்தத்துக்கு முன்னும் பின்னும் அளந்து ஒப்பிட்டாலன்றி, செய்த செலவு பயன்பட்டதா என்பதை எவரும் கூறமுடியாது.

ஒரு சதமும் செலவில்லாத திருத்தங்கள்

பாரத்தையும் இரும்பையும் நாடுவதற்கு முன்னர் கவனிக்கவேண்டியவை சில உள. ரயரின் வளியமுக்கம் அவற்றுள் முதலாவது. இழுவைப்பெட்டியில் நெல்மூடை ஏற்றித் தெருவில் ஓடுவதற்காக இறுக அடித்த காற்றுடன் வயலில் இறங்கும் இயந்திரங்கள் அநேகம். இறுகிய ரயர் மண்ணைச் சிறிதளவே தொடும். இயந்திரத்தின் கைந்நூலில் உழவு வேலைக்கெனக் குறிக்கப்பட்ட அளவுக்கு அமுக்கத்தைக் குறைத்தால் தொடும் பரப்பு விரியும். அவ்வளவிலும் குறைத்தல் கூடாது. குறைத்தால் ரயர் வளையத்தின்மேற் சறுக்கி, ரியூப்பின் வாயைப் பிய்த்துவிடும். மீண்டும் தெருவுக்கு வரும்போது உரிய அளவுக்குக் காற்று அடித்தல் வேண்டும்.

இரண்டாவது, ரயர் பூட்டப்பட்ட திசை. அம்புபோல் அமைந்த ரயர்ப் பற்களின் முனை முதலில் நிலத்திற் படவேண்டும். அப்போதே சேறு பக்கங்களுக்கு ஒதுங்கி, பற்களிடை துப்புரவாகும். பஞ்சர் ஒட்டியபின் இடமும் வலமும் மாறிப் பூட்டப்பட்டு, அதனைக் கவனியாது ஒரு போகம் முழுவதும் உழுவோரும் உளர்.

மூன்றாவது, கலப்பை. கொழு மழுங்கியிருந்தாலும், தேவைக்கு மிஞ்சிய ஆழத்துக்கு இறக்கினாலும் இழுவை கூடிச் சில்லு வழுக்கும். அங்கே குற்றம் சில்லில் இல்லை. மேலும், சுழற்கலப்பை பூட்டிய இயந்திரத்துக்குப் பாரம் ஏற்றுதல் பெரும்பாலும் பொருளற்றது; அதன் அலகுகள் மண்ணைக் கொத்தும்போதே இயந்திரத்தை முன்னே தள்ளுகின்றன.

மேட்டு நிலத்துக்குப் பாரம்

மேற்கூறியவற்றைச் செய்தும் மேட்டு நிலத்தில் வழுக்கல் தீராதாயின் பாரம் ஏற்றலாம். கடைகளில் விற்கப்படும் வார்ப்பிரும்புப் பாரங்களுக்குப் பதிலாகச் சீமெந்துக் கலவையிற் பாரம் வார்த்துக்கொள்வது மலிவு. கொங்கிறீற்று ஒரு லீற்றர் ஏறக்குறைய 2.4 கிலோகிராம் நிறையுடையது. ஆகவே பத்து லீற்றர் கொள்ளும் வெற்று வர்ண வாளி ஒன்றில் வார்த்தால் 24 கிலோகிராம் பாரம் கிடைக்கும். வார்க்கும்போது சில்லின் துளைகளுக்குப் பொருந்துமாறு நீண்ட சுரையாணிகளை நிறுத்தி, பழைய கம்பித் துண்டுகளையும் உள்ளே இட்டால் பாரம் வெடிக்காது. குறைந்தது ஏழு நாட்கள் ஈரச்சாக்கினால் மூடி நனைத்து வருதல் வேண்டும். இரு சில்லுகளுக்கும் சம நிறையாகப் பூட்டி, ஒவ்வோர் ஆணிக்கும் இரண்டு சுரைகள் இட்டு இறுக்குக. இடம் ஒன்றும் வலம் ஒன்றுமாக நிறை வேறுபட்டால் இயந்திரம் ஒருபுறம் இழுபடும்.

நான்கு சில்லு உழவு இயந்திரத்தின் பின்ரயர்களுள் நீர் நிரப்புவது மற்றொரு முறை. ரயரின் வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து, உயரத்தில் வைத்த பீப்பாவிலிருந்து குழாய் மூலம் நீர் விட்டு, நான்கில் மூன்று பங்கு நிரப்பி எஞ்சிய இடத்துக்குக் காற்று அடிக்கவேண்டும். பெரிய பின்ரயர் ஒன்று நூறு லீற்றருக்குக் குறையாது கொள்ளும். ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோகிராம் என்பதால் பாரத்தைக் கணக்கிடுவது எளிது. குளிர் நாடுகளில் நீர் உறையாதிருக்கக் கல்சியம் குளோரைட்டு உப்பைக் கலப்பர். எமது நாட்டில் வெறும் நீரே போதும். ஆயினும் இதிலொரு சங்கடம் உண்டு. தோட்டத்தை உழுத அதே இயந்திரம் மறுவாரம் வயலில் இறங்குவதே எமது வழக்கம். ரயருள் விட்ட நீரை அவ்வப்போது இறைத்து வெளியேற்றுதல் இலகுவன்று. ஆதலால் மேட்டு நிலமும் வயலும் ஒருங்கே செய்வோருக்குக் கழற்றிப் பூட்டத்தக்க சீமெந்துப் பாரமே தக்கதென்போம்.

சேற்று வயலுக்கு இரும்புச் சில்லு

வயலில் சேற்று உழவுக்கு வேண்டியது பரந்த, பற்கள் கொண்ட, நிறை குறைந்த சில்லாகும். கூடுபோன்ற இரும்புச் சில்லு இப்பணிக்கு உரியது. ஊர்ப் பட்டறையிலேயே இதனைச் செய்துகொள்ளலாம். பட்டை இரும்பில் வளையங்கள் வளைத்து, அவற்றின் குறுக்கே கோண இரும்புத் துண்டுகளைப் பற்களாக ஒட்டி, சில்லின் மையத்தட்டோடு பொருத்துவதே அதன் அமைப்பு. சிலர் ரயரைக் கழற்றாது அதன் வெளிப்புறத்தில் துணைச்சில்லாகப் பூட்டுவர். கடினமான இடத்தில் ரயரும் சேற்றில் இரும்பும் வேலை செய்யும்.

பட்டறையிற் காணும் தவறு ஒன்றை இங்கே சுட்டவேண்டும். பல் கூடினாற் பிடிப்பும் கூடும் என எண்ணி நெருக்கமாக ஒட்டிவிடுகின்றனர். நெருங்கிய பற்களிடையே களி அடைத்துக்கொள்ளச் சில்லு ஓர் உருளையாகிவிடும்; அதன்பின் பல் இருந்தும் இல்லாததே. சேறு தானே உதிர்ந்து விழுமளவுக்கு இடைவெளி இருத்தல் வேண்டும். பல்லைச் சற்றுச் சாய்த்து ஒட்டினால், மண்ணினின்றும் வெளியேறும்போது சேற்றை வாரித் தூக்காது.

வயலிற் பாரத்தை நாம் வெறுப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஆண்டுதோறும் சேறாக்கி உழுத வயலின் அடியில் இறுகிய படை ஒன்று உருவாகியிருக்கும். குளத்து நீரை வயலில் தேக்கி வைப்பதும், இறங்கும் மாட்டையும் இயந்திரத்தையும் தாங்குவதும் அப்படையே. பாரமேற்றிய இயந்திரம் ஒரே இடத்திற் சுழன்று அதனைத் துளைத்துவிட்டால், அவ்விடத்தில் நீர் கீழே வடியும். அடுத்த போகத்தில் அதே குழியில் இயந்திரம் மீண்டும் புதையும். ஒரு நாளில் உடைத்ததை மீண்டும் பெறப் பல போகங்கள் செல்லும். சிறுபோகத்தில் குளத்து நீரை அளந்து விடும் பகுதிகளில் இந்நட்டம் ஒரு கமக்காரரோடு நிற்பதில்லை. வாய்க்காலின் கடைசியில் உள்ளவரின் பங்கும் குறைகின்றது.

இவ்விடத்தில் ஒன்றை நினைவூட்டலாம். எமது கிராமங்களில் இரு சில்லு உழவு இயந்திரத்தை இன்றும் லான்ட்மாஸ்ரர் என்றே பலர் அழைப்பர். அப்பெயர் 1950களில் இலங்கைப் பொறியியலாளர் றே விஜேவர்தன வடிவமைத்த இயந்திரத்தினுடையது. சிறிய வயலுக்கும் சேற்றுக்கும் இலேசான இயந்திரமே பொருந்தும் என்பது அதன் அடிப்படை. இலேசான இயந்திரத்தை வாங்கி, அதன்மேல் மூடைகளை ஏற்றுவது அந்நன்மையை நாமே கெடுப்பதாகும்.

ஒரு மறுப்பும் விடையும்

இயந்திரத்தைச் செய்தவர் அமைத்தபடியே விடுவதன்றி, கிராமத்துப் பட்டறையில் மாற்றலாமோ எனச் சிலர் வினவுவர். இவ்வினா தள்ளத்தக்கதன்று. கியர்ப்பெட்டியும் அச்சும் தாங்கும் அளவுக்கு எல்லை உண்டு. சில்லு வழுக்குவதுதானும் ஒருவகையிற் காப்பாகும். வழுக்க இடமின்றிப் பாரத்தை ஏற்றினால், கலப்பை வேரிலோ கல்லிலோ சிக்கும்போது முறிவது கியர்ப்பல்லாகவே இருக்கும். ஆதலின் கைந்நூலில் உள்ள பார எல்லையைக் கடத்தல் ஒருபோதும் தகாது. ஆனால் அவ்வெல்லைக்குள், கழற்றத்தக்கதாகவும் அளந்து பார்த்ததாகவும் செய்யும் திருத்தத்தை மறுப்பதற்கு நியாயமில்லை. எந்த மண்ணில் உழப்போகின்றோம் என்பது இயந்திரத்தைச் செய்தவருக்குத் தெரியாது. அது கமக்காரருக்கே தெரியும்.

உயிருக்கு ஆபத்தான செயல்கள்

புதைந்த நான்கு சில்லு இயந்திரத்தைக் கிளப்புவதற்காகப் பின்சில்லுகளின் குறுக்கே மரக்குற்றியைக் கட்டி ஓட்டும் வழக்கம் உண்டு. இதனை முற்றாகக் கைவிடவேண்டும். சில்லு சுழலமுடியாது பிடிபட்டால் இயந்திரத்தின் உடலே அச்சைச் சுற்றி மேலெழும்பிப் பின்புறமாகக் கவிழும். அது ஒன்றிரண்டு விநாடிகளில் நடந்துவிடுவதால் ஓட்டுபவர் குதித்துத் தப்ப அவகாசமில்லை. சங்கிலியை அச்சுக்கு மேலாகக் கட்டி இழுத்தாலும் இதே விளைவு நேரும். இழுவைச் சட்டத்திலன்றி வேறெங்கும் கட்டலாகாது. புதைந்த இயந்திரத்தின் கலப்பையைக் கழற்றி, சில்லுக்கு முன்னும் பின்னும் மண்ணை வெட்டி, பின்னோக்கி எடுக்க முயல்வதே முறை.

இரு சில்லு இயந்திரத்திற் பாரம் பூட்டியோர் இறக்கத்தில் மிகக் கவனமாக இருத்தல் வேண்டும். சமநிலத்தில் வலப்பிடியை அழுத்தினால் வலப்புறம் திரும்பும் இயந்திரம், இறக்கத்தில் இடப்புறம் திரும்பக்கூடும்; பாரம் கூடினால் அதனை அடக்குவது கடினம். இரும்புச் சில்லுடன் உயர்ந்த வரம்பைக் கடக்கும்போது பலகை இட்டு மெதுவாக ஏற்றுக. அச்சில்லுடன் தார்த்தெருவில் ஓடுதல் தெருவையும் பற்களையும் ஒருங்கே கெடுக்கும்.

முடிவாக

காற்றைச் சரிபார்த்தல், ரயரின் திசை நோக்குதல், கொழுவைத் தீட்டுதல், வழுக்கலை அளத்தல் ஆகிய நான்கையும் இப்போகத்திலேயே எவரும் செய்யலாம். அதன் பின்னரும் குறை தோன்றுமாயின், மேட்டு நிலத்துக்குச் சீமெந்துப் பாரமும் சேற்று வயலுக்கு இரும்புச் சில்லும் தேடுக. இரும்புச் சில்லுக்குத் தனியொருவர் செலவு செய்யமுடியாத இடத்தில், அயல் வயற்காரர் இருவர் மூவர் சேர்ந்து ஒரு சோடி செய்வித்து முறையாகப் பாவிக்கலாம். பூட்டுமுன் சில்லின் துளைகள் ஒவ்வொருவரின் இயந்திரத்துக்கும் பொருந்துமா எனப் பார்த்துக்கொள்க.