ஒப்படைத்த நூல் கொழும்பிலே, வாசகர் படுவான்கரையிலே

இந்நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதிகள் அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டுப் பிற்சந்ததியாருக்காகப் பேணப்பட வேண்டும் என்னும் கட்டளைச் சட்டம் 1885ஆம் ஆண்டிலேயே பிறந்துவிட்டது. பிரான்சு தேசத்து முதலாம் பிரான்சுவா மன்னர் தம் இராச்சியத்தில் அச்சாகும் நூல்களின் பிரதியொன்று அரச நூலகத்துக்கு வந்து சேர வேண்டுமென்று 1537இல் ஆணையிட்ட காலந்தொட்டு, நாகரிக தேசங்கள் பலவும் ஏதோவொரு வகையிற் கைக்கொண்டுவரும் ஏற்பாடு இது. கொழும்பு நூதனசாலை நூலகத்திலும், தேசிய சுவடிகள் திணைக்களத்திலும், பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்திலும், 1990இல் திறக்கப்பெற்ற தேசிய நூலகத்திலும், மூலைக் கிராமத்து அச்சுக்கூடமொன்றில் சில நூறு பிரதிகள் மாத்திரமே அடிக்கப்பட்ட ஒரு பாட்டுப் புத்தகமும் பெரிய பண்டிதரின் ஆராய்ச்சி நூலுக்கு அருகே இடம்பெறலாம் என்ற சமத்துவம் இந்த ஏற்பாட்டினாலேயே விளைந்தது. அதற்காக அந்தப் பழைய சட்டத்தை நாம் நன்றியோடு நினைக்கிறோம்.

ஆனால் அது அச்சுக்கூடத்தை நோக்கி எழுதப்பட்ட சட்டம். அச்சிட்டவர் யார், எங்கே அச்சிட்டார் என்று கேட்கத் தெரிந்த அதற்கு, அச்சுக்கூடத்தின் வாசற்படியை மிதியாமலே கணினியிற் பிறந்து கணினியிலேயே வாசகரைச் சென்றடையும் பிரசுரத்தை யாரிடம் கேட்டுப் பெறுவது என்று தெரியாது. இன்றோ, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே கொக்கட்டிச்சோலையையும் அதனைச் சூழ்ந்த படுவான்கரைக் கிராமங்களையும் மாத்திரம் எடுத்துக்கொண்டாலும், கோயில் மலராயினும், வடமோடி தென்மோடிக் கூத்துக்களின் ஏட்டைப் பார்த்துப் பெயர்த்தெழுதிய பிரதியாயினும், பாடசாலைச் சஞ்சிகையாயினும், முப்பத்தோராம் நாளில் வழங்கப்படும் நினைவு மலராயினும், அச்சுச் செலவைத் தாங்கமாட்டாமல் பிடிஎஃப் கோப்பாகவே வெளிவந்து, கைத்தொலைபேசி வழியே ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் போய், அந்தத் தொலைபேசி பழுதாகும் நாளில் சுவடின்றி மறைந்துபோகும் நிலைமை ஏற்பட்டிருக்கிறது. ஓர் ஊரின் சரித்திரம் இத்தகைய சிறு பிரசுரங்களிலேதான் இருக்கிறது என்பதைச் சரித்திர ஆராய்ச்சியில் ஈடுபட்ட எவரும் மறுக்கமாட்டார்.

ஆகவே, எண்ணிமப் பிரசுரங்களும் சட்டப்படி ஒப்படைக்கப்பட வேண்டும் என்றும், அவ்வாறு ஒப்படைக்கப்பட்டவற்றைத் தலைநகருக்குச் செல்லாமலே வாசிப்பதற்கான உரிமை அதே சட்டத்தில் எழுதப்பட வேண்டும் என்றும் நாம் வற்புறுத்துகிறோம். முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் யோசனையை நாம் ஏற்கவில்லை. ஏன் என்பதைப் பின்னர் கூறுவோம்.

எண்ணிமப் பிரசுரம் தானாகவே நிலைத்து நிற்கும் என்று நம்புவோர் பலர். கடதாசியைக் கறையான் அரிக்கும், கணினிக் கோப்பை எது அரிக்கும் என்று அவர்கள் கேட்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் பாமினி எழுத்துருவில் தட்டெழுதப்பட்டு இறுவட்டில் பதிந்து வைக்கப்பட்ட ஒரு நூலை அவர்கள் இன்று திறந்து பார்க்கட்டும். புதிய கணினிகளிற் பெரும்பாலானவற்றில் இறுவட்டைச் செருகுவதற்கு இடமே இராது. இடமுள்ள பழைய கணினி ஒன்றைத் தேடிப் பிடித்தாலும், அந்த எழுத்துரு அதில் இல்லையாயின், தமிழ் முழுவதும் உரோம எழுத்துக்களும் நிறுத்தக் குறிகளுமாகச் சிதறித் தோன்றும். 'அம்மா' என்ற மூன்றெழுத்துச் சொல்லின் நடுவே, மெய்யின் புள்ளி இருக்கவேண்டிய இடத்தில், ஓர் அரைப்புள்ளி வந்து நிற்கும். கோப்பு கெடவில்லை, அதனை வாசிக்கும் வழியே அற்றுப்போயிற்று. எழுத்துருவையும் கோப்பையும் ஒருசேரப் பெற்று, யூனிகோடு முறைக்கு மாற்றி, பல இடங்களிற் பிரதி வைத்து, காலந்தோறும் சோதித்துவர ஒரு ஸ்தாபனம் பொறுப்பேற்றாலன்றி எண்ணிம நூலின் ஆயுள் ஏட்டுச் சுவடியின் ஆயுளிலும் மிகக் குறுகியது.

இவ்விடத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை நினையாதிருக்க இயலாது. 1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் தேதி இரவு மூட்டப்பட்ட தீயில் ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவற்றுள், 1885க்குப் பின்னர் இலங்கையில் அச்சாகி முறைப்படி ஒப்படைக்கப்பட்ட நூல்களுக்கு வேறோரிடத்திற் பிரதி இருக்க நியாயமுண்டு; சட்டத்தின் காப்புக்கு வெளியே நின்ற ஏட்டுச் சுவடிகளுக்கோ அந்த நியாயமும் இல்லை. ஒப்படைப்புச் சட்டம் தான் பெயர் சொல்லி அழைத்தவற்றையே காக்கும் என்பதற்கு இதனிலும் கொடிய சாட்சியம் வேண்டுவதில்லை. அன்று ஏட்டுச் சுவடி நின்ற அதே திறந்த வெளியிலேதான் இன்று எண்ணிமப் பிரசுரம் நிற்கிறது. 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துச் சூறாவளியில் வீடுகளோடு புத்தகப் பெட்டிகளையும் பறிகொடுத்த மட்டக்களப்பாருக்கு இதனை விரித்துச் சொல்லவேண்டியதில்லை.

இனி வாசிப்பு உரிமையைப் பற்றிப் பேசுவோம். பிரித்தானியாவில் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் கீழ் 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதிகளும் எண்ணிம ஒப்படைப்பை விரிவாக ஏற்படுத்தின. பிரித்தானிய நூலகம் முதலாக ஆறு நூலகங்கள் இவ்வுரிமையைப் பெற்றன. ஆனால் அங்கு ஒப்படைக்கப்பட்ட மின்னூலை வாசிக்க விரும்புபவர் அந்நூலகங்களுள் ஒன்றின் கட்டடத்துக்கு நேரிற் சென்று, அந்நூலகத்தின் கணினித் திரையின் முன் அமர்ந்தே வாசிக்கவேண்டும். தம் வீட்டுக் கணினியில் அதனைப் பெற இயலாது. ஒரு நூலகத்தில் ஒரு நூலை ஒரு சமயத்தில் ஒருவரே பார்க்கலாம். இரண்டாவது மாணவர் வந்தால், முதலாமவர் எழுந்து போகும்வரை அவர் காத்திருக்க வேண்டும். பார்த்த பக்கத்தைக் கோப்பாகப் பிரதிசெய்து கொண்டுபோக அநுமதியில்லை, பென்சிலால் குறிப்பெடுத்துக்கொள்ளலாம். ஒளியின் வேகத்தில் உலகைச் சுற்றவல்ல ஒரு பொருளை, ஒரே பிரதியுள்ள கையெழுத்துச் சுவடியைப் போல நடத்துவது பிரசுரகர்த்தர்களின் அச்சத்தைத் தணிப்பதற்காகச் செய்துகொண்ட சமாதானம். அந்தச் சமாதானத்தை அப்படியே எடுத்து நம் சட்டத்தில் ஒட்டிவிடுவார்களோ என்பதே நம் கவலை; ஆங்கிலச் சட்டத்தைப் பார்த்தெழுதும் பழக்கம் இந்நாட்டிற் பழையது.

லண்டனிலோ எடின்பரோவிலோ வாழ்பவருக்கு அது சிறு சிரமம். கொக்கட்டிச்சோலையில் இருப்பவருக்கு அது என்னவாகும் என்பதை நம் சட்டமியற்றுவோர் எண்ணிப்பார்க்க வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை பாதை எனப்படும் மிதவையில் ஏறியே வாவியைக் கடந்த மக்கள் இவர்கள். அம்பிளாந்துறையிலிருந்து குருக்கள்மடத்துக்குப் பாதையிற் போகிறவர்களை இன்றும் காணலாம். இங்கிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போய், இராப் புகையிரதத்தில் விழித்திருந்து விடியலிற் கோட்டையில் இறங்கி, தலைநகரில் தங்குவதற்கு ஓர் உறவினர் வீடு தேடி, தன் ஊரைப் பற்றித் தன் ஊரவர் எழுதிய ஒரு கோப்பைத் திரையிற் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்று சட்டம் சொல்லுமாயின், அது அவளுக்கு உரிமை வழங்கிய சட்டமாகாது. வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இல் குரும்பசிட்டியிலிருந்து நூலாக வெளிவந்தது. அத்தகைய ஓர் ஆராய்ச்சி நாளை எண்ணிம வடிவில் மாத்திரம் வெளிவருமாயின், அது எந்த மக்களைப் பற்றிப் பேசுகிறதோ அவர்களுக்கே எட்டாத இடத்தில் இருப்பது எவ்வகையில் நீதியாகும்?

இதனிலும் கனமான உதாரணம் ஒன்று இவ்வூரின் பெயரோடேயே இணைந்திருக்கிறது. 1991ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12ஆம் தேதி கொக்கட்டிச்சோலைப் பகுதியிற் பொதுமக்கள் இராணுவத்தினராற் கொல்லப்பட்டதை விசாரிக்க ஜனாதிபதியால் நியமிக்கப்பட்ட ஆணைக்குழு, 67 பேர் உயிரிழந்ததாகக் கண்டு, நட்டஈடு வழங்குமாறு விதந்துரைத்தது; அதன் அறிக்கை 1992இல் அரசாங்கப் பிரசுரமாக வெளிவந்தது. அது கடதாசியில் அச்சானமையால் இன்று நூலக அடுக்கொன்றில் இருக்கிறது. அக்கொலைகள் நிகழ்ந்த மகிழடித்தீவிலும் அதன் அயலிலும் வாழும் குடும்பத்தார் தம் தந்தையரையும் தமையன்மாரையும் பற்றி அரசாங்கமே எழுதிவைத்ததைப் படிக்க விரும்பினால் கொழும்புக்குப் போகவேண்டியிருப்பது தகுமா? ஆணைக்குழு அறிக்கைகளும், வர்த்தமானிகளும், திணைக்களங்களின் வருடாந்த அறிக்கைகளும் மேன்மேலும் எண்ணிம வடிவையே நாடிச் செல்லும் இக்காலத்தில், ஒரு திணைக்களத்தின் இணையத்தளம் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் பழைய அறிக்கைகள் இருந்த இடம் தெரியாமற் போகும் அபாயம் உண்டு. தகவலறியும் உரிமையை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தினால் ஒப்புக்கொண்ட அரசு, தான் பிரசுரித்ததையே பேணிக் காட்டாதிருப்பதற்குச் சமாதானம் எதுவும் கூற முடியாது. அரசாங்கப் பிரசுரத்தில் விற்பனை நட்டம் அடையும் பிரசுரகர்த்தர் எவரும் இல்லை. அவை ஒப்படைக்கப்பட்ட அன்றே, எங்கிருந்தும் எவரும் வாசிக்குமாறு திறந்துவிடப்பட வேண்டும்.

மற்றைய நூல்களைப் பொறுத்தவரையில் எழுத்தாளரும் பிரசுரகர்த்தரும் கொள்ளும் அச்சத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. தமிழ் நூல் ஒன்று சில நூறு பிரதிகள் விற்பதே அரிதாகவுள்ள நாட்டில், ஒப்படைத்த மின்னூல் மறுநாளே இலவசமாகப் பரவுமாயின் அடுத்த நூலை எழுதுவதற்கு யார் முன்வருவார்? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆசிரியரின் ஆயுட்காலத்துக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் அவருடைய உரிமையைக் காக்கிறது. அதிற் கைவைக்குமாறு நாம் கேட்கவில்லை. ஆனால் அந்த உரிமையைக் காத்துக்கொண்டே வாசிப்பைப் பரவலாக்கிய தேசங்கள் உள்ளன. நோர்வேயின் தேசிய நூலகம் உரிமையாளர்களின் அமைப்போடு ஒப்பந்தம் செய்து, அவர்களுக்குப் பணமும் செலுத்தி, கடந்த நூற்றாண்டில் வெளியான நோர்வீஜிய நூல்களை அந்நாட்டவர் தத்தம் வீட்டிலிருந்தே வாசிக்கச் செய்திருக்கிறது. தம் நூலை விலக்கிக்கொள்ள விரும்பும் ஆசிரியர் விலக்கிக்கொள்ளலாம். பிரான்சு தேசத்திலோ, தேசிய நூலகம் சட்டப்படி சேகரித்த இணையப் பக்கங்களைப் பாரிசுக்கு வெளியே பிராந்திய நூலகங்கள் பலவற்றிலும் வாசிக்கலாம். இவற்றுள் பிரெஞ்சு முறை நமக்கு உடனே பொருந்தக்கூடியது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக நூலகம் இருக்கிறது. மட்டக்களப்பு நகரிற் பொது நூலகம் இருக்கிறது. பிரதேச சபைகளின் பொறுப்பில் வாசிகசாலைகள் இருக்கின்றன. தேசிய நூலகத்தின் திரையில் தெரிவது இவற்றின் திரையிலும் தெரிவதற்குத் தேவையானது ஒரு பாதுகாப்பான இணைப்பும், ஒரு கணினியும், அதனைக் கவனிக்கப் பயிற்சி பெற்ற ஒரு நூலகருமே.

நூல்களைப் பரவி வைத்தல் வாசகரின் வசதிக்கு மாத்திரம் உரிய விஷயமன்று. 2023ஆம் ஆண்டு அக்டோபரில் பிரித்தானிய நூலகத்தின் கணினிகள் மீது நிகழ்ந்த தாக்குதலினால், ஒப்படைக்கப்பட்ட எண்ணிமப் பிரசுரங்களை மாதக்கணக்கில் எவரும் வாசிக்க இயலாது போயிற்று. அத்துணைச் செல்வமும் பயிற்சியும் உடைய ஸ்தாபனத்துக்கே அக்கதி நேர்ந்ததெனில், அனைத்தையும் கொழும்பில் ஒரே அறையிற் சேர்த்துவைக்கும் திட்டத்தை நாம் எப்படி நம்புவது?

இதற்கிடையில், அரசு செய்யத் தவறியதை 2005 முதல் நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தின் தன்னார்வலர்கள் செய்துவருகிறார்கள். ஈழத்துத் தமிழ்ப் பிரசுரங்களைப் பக்கம் பக்கமாக வருடி, எவரும் இலவசமாக வாசிக்குமாறு அவர்கள் வழங்கியிருப்பது ஒரு தலைமுறையின் பெருந்தொண்டு. ஈழத்துத் தமிழைப் பற்றி எழுதுவோர் பலரும் அவர்களுக்குக் கடன்பட்டவர்கள். ஆயினும் நன்கொடையிலும் உழைப்பிலும் நடக்கும் அமைப்புக்குப் பிரசுரகர்த்தரிடம் பிரதியைக் கேட்டுப் பெறும் சட்ட அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ள இடத்தில் ஆர்வமும், ஆர்வம் உள்ள இடத்தில் அதிகாரமும் இல்லாதிருப்பதே நம் துர்ப்பாக்கியம். புதிய சட்டம் இத்தகைய அமைப்புக்களை அங்கீகரித்து, அவை ஏற்கெனவே தொகுத்தவற்றையும் தேசியத் தொகுதியில் இணைக்க வழிசெய்தல் உசிதமாகும்.

வாசிப்பு உரிமையைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்பதை நாம் ஏன் மறுக்கிறோம் என்பதை இப்போது சொல்லவேண்டும். ஒப்படைப்பதால் தமக்கும் தம் ஊருக்கும் யாதொரு பிரயோசனமும் இல்லையென்று கண்டவர்கள், தண்டனைக்கு அஞ்சி ஒப்படைப்பார்களேயன்றி மனமுவந்து ஒப்படைக்கமாட்டார்கள். வீட்டுக் கணினியில் மலர் தயாரிக்கும் ஒரு கிராமத்து இளைஞரைத் தேடிப்போய்த் தண்டிக்க எந்தத் திணைக்களத்தாலும் இயலாது. தாம் அனுப்பிய கோப்பைத் தம் ஊர் வாசிகசாலைத் திரையிலே பிள்ளைகள் வாசிக்கிறார்கள் என்று அவர் கண்டாரானால், அடுத்த மலரைக் கேளாமலே அனுப்புவார்.

1998ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை, எண்ணிம ஒப்படைப்புக்கான சட்ட வரைவைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரே நாளில் வெளியிட்டு, மாகாணங்கள்தோறும் அபிப்பிராயம் கேட்கவேண்டும். விற்பனைக்குரிய நூல்களுக்கு நியாயமான ஒரு காலத் தடை விதிக்கலாம்; ஆசிரியர் சம்மதித்தவற்றுக்கு எத்தடையும் வேண்டாம்; அரசாங்கப் பிரசுரங்கள் யாவர்க்கும் திறந்திருக்கட்டும். மாகாணந்தோறும் அமையும் வாசிப்புத் திரைகளுள் முதலாவதைக் கிழக்கு மாகாணத்தில், மட்டக்களப்பு மாவட்டத்தில் நிறுவும்படியும், அங்கிருந்து படுவான்கரைப் பிரதேச சபை வாசிகசாலைகளுக்கு அதனை நீட்டும்படியும் சபையை நாம் கேட்டுக்கொள்கிறோம். இம்மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள், கட்சி பேதம் பாராட்டாமல், இக்கோரிக்கையை அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் எழுப்பவேண்டும்.