சல்லிக் கரையில் ஹொட் டப் எதுக்கு?

எங்களில் ஒருத்தியின் லண்டன் மச்சாள் ஆகஸ்ட் லீவுக்குக் குடும்பத்தோட வாறா. சல்லியிலோ, பக்கத்தில் உப்புவெளி, நிலாவெளியிலோ கடலோர வீடு ஒன்று வேணுமாம். ஹொட் டப் கட்டாயமாம். "நீங்கள் எல்லாரும் சேர்ந்து பாத்துச் சொல்லுங்கோ" என்று வட்ஸ்அப்பில் வேலையை எங்கள் தலையில் கட்டிவிட்டா.

பார்த்தோம். எங்கட முடிவு: ஹொட் டப் இல்லாத வீட்டை எடுங்கோ.

ஸ்கொட்லாந்துக் குளிரில் சுடுதண்ணித் தொட்டிக்குள்ள இருந்து வானத்தைப் பார்க்கிறதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு. இங்கே ஆகஸ்டில் கச்சான் காற்று முகத்தில் அடிக்கும், கடலே வெதுவெதுப்பு. ஆனால் எங்கட பிரச்சினை சூடு இல்லை, தண்ணி.

நாலைந்து பேர் இருக்கிற தொட்டிக்கு 1,000 முதல் 1,500 லீற்றர் வேணும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 120 லீற்றர் என்று வைத்தால், ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு அது இரண்டு நாள் தண்ணி. விருந்தினர் மாற மாறத் தண்ணியையும் மாற்றினால் கணக்கு ஏறிக்கொண்டே போகும்.

மணற்கரையில் நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேலே ஒரு படையாகத்தான் மிதக்குது. நல்ல தண்ணி மட்டம் 1 அடி இறங்கினால், கீழே உள்ள உப்பு நீர் காலப்போக்கில் 40 அடி வரை மேலே வரலாம் என்பது நிலத்தடி நீர் படிக்கிறவர்களின் பழைய கணக்கு. அப்படி ஒரு கிணறு உவர்த்துப் போனால் லேசில் திரும்பாது. இங்கே சீசன் மே முதல் செப்டெம்பர் வரை. மாரி மழை வாறது ஒக்டோபருக்குப் பிறகு. அதாவது, கிணறு ஆகக் கீழே கிடக்கிற மாதங்களில்தான் தொட்டிகள் நிரம்புது.

"சுற்றுலா வந்தாத்தானே ஊருக்கு வேலை" என்று கேட்பீர்கள். சரிதான், நாங்களும் அதுக்கு எதிரி இல்லை. சமையல், ஓட்டோ, புறாமலைக்குப் படகு எல்லாம் ஹொட் டப் இல்லாத வீட்டில் தங்கினாலும் நடக்கும்.

வீடு பிடிக்க முதல் மூன்று கேள்வி கேளுங்கோ. தண்ணி கிணறா, குழாயா, பவுசரா? குளோரின் போட்ட தண்ணியை எங்கே விடுறீங்கள்? உங்கட வேலி கரைவலை இழுக்கிறவர்களின் பாதையை மறிக்குதா? 2004 சுனாமிக்குப் பிறகு தொழிலைத் திரும்பக் கட்டி எழுப்பின கரை இது. அந்தப் பாதை ஒருத்தரின் 'சீ வியூ'வுக்குள்ள அடைபடக் கூடாது.

சுடுதண்ணிதான் வேணுமென்றால் கன்னியா கிட்டத்தானே இருக்கு. ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. இராவணன் தாய்க்குக் கிரியை செய்ய உண்டாக்கினது என்று கதை. இன்றைக்கும் அந்தியேட்டி செய்யச் சனம் அங்கே போகுது. தொட்டிக்குள்ள படுக்க ஏலாது, வாளியால் அள்ளி ஊத்தவேணும். ஒரு கிணறு சூடு கூடவென்றால் அடுத்ததுக்கு மாறலாம்.

இதையெல்லாம் மச்சாளுக்கு எழுதி அனுப்பிவிட்டோம். நீல டிக் விழுந்திட்டுது, பதில் இன்னும் வரேல்லை. உங்கட வீட்டிலும் இப்படி ஒரு மச்சாள் கேட்டால், அறை வாடகைக்கு முதல் கிணற்றைப் பற்றிக் கேளுங்கோ.