அம்புக்குறி வந்த பிறகு

1994-இல் அரீனாவில் தொடங்கிய எல்டர் ஸ்க்ரோல்ஸ் கேம் வரிசை எப்படி மாறியது என்று பேச வந்தால், நம் துறையினர் முதலில் கையிலெடுப்பது எண்ணிக்கையை. மாரோவிண்டில் (2002) 27 ஸ்கில்கள், ஒப்லிவியனில் (2006) 21, ஸ்கைரிமில் (2011) 18. பலம், அறிவு போன்ற அடிப்படைப் பண்புகளும் ஸ்கைரிமில் போய்விட்டன. இந்தக் குறைப்பு எனக்குப் பெரிய இழப்பாகப் படவில்லை. மாரோவிண்டில் ஈட்டிக்கென்றே ஒரு ஸ்கில் இருந்தது. கேமில் கிடைத்த ஈட்டிகளோ சில வகைதான். என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. அது குரல்பதிவும், போகவேண்டிய இடத்தைக் காட்டும் அம்புக்குறியும் ஒன்றுசேர்ந்து செய்த வேலை.

மாரோவிண்டில் பேச்சில் பெரும்பகுதி எழுத்தில் வந்தது. சேய்டா நீனில் கப்பலிலிருந்து இறங்கும் கைதியிடம், பால்மோராவில் உள்ள கையஸ் கோசேடிஸிடம் ஒரு பொட்டலத்தைச் சேர்க்கச் சொல்கிறார்கள். அவர் வீடு எங்கே? ஊருக்குப் போய் ஒரு மதுக்கடையில் விசாரிக்க வேண்டும். பிறகு வரும் குவெஸ்டுகளிலும் இப்படித்தான்: எந்தப் பாலத்தைக் கடப்பது, பாதை பிரியும் இடத்தில் எந்தப் பக்கம் திரும்புவது என்று ஊர்க்காரர்கள் வாயால் வழி சொல்வார்கள். அந்த வரிகள் பலிக்க வேண்டுமானால் நிலமும் ஒத்துழைக்க வேண்டும். பாலம் கண்ணில் பட வேண்டும், கைகாட்டி மரம் சரியான இடத்தில் நிற்க வேண்டும். வசனம் எழுதுபவரும் நிலப்பரப்பை அமைப்பவரும் ஒருவர் வேலையை ஒருவர் அறியாமல் இதைச் செய்ய முடியாது. குறைகளும் இருந்தன. சில வழிக்குறிப்புகள் தெளிவற்றவை. நாட்குறிப்போ நடந்த வரிசையில் எல்லாவற்றையும் கொட்டிவைத்தது. குவெஸ்ட் வாரியாகப் பிரித்துப் பார்க்கும் வசதி அதே ஆண்டில் வந்த டிரைப்யூனல் விரிவாக்கத்தில்தான் கிடைத்தது.

ஒப்லிவியனில் எல்லோருமே குரலில் பேசினார்கள். பதிவான வரியைத் திருத்தச் செலவாகும். ஒலிப்பதிவுக்குப் பிறகு ஒரு குகையை இடம் மாற்றினால், அதற்குச் சொன்ன வழி பொய்யாகிவிடும். திசைகாட்டியின் அம்புக்குறிக்கு இந்தத் தொல்லை இல்லை. குகை எங்கே போனாலும் அது பின்னாலேயே போகும். ஸ்கைரிமின் ரேடியன்ட் குவெஸ்டுகளில் கேம் ஓடும்போதுதான் இடமே தேர்வாகிறது. முன்கூட்டிப் பதிவான குரலால் அந்த இடத்துக்கு வழி சொல்லவே முடியாது. ஒவ்வொரு முடிவும் தனித்தனியே நியாயமானதுதான். ஆனால் எல்லாம் சேர்ந்து, தன்னைப் பற்றிப் பேசத் தெரியாத ஓர் உலகைக் கொண்டுவந்து விட்டன. ஸ்கைரிமில் அம்புக்குறியை மறைத்துவிட்டு ஆடினால், எங்கே போவது என்று யாருமே சொல்லாத குவெஸ்டுகள் ஏராளம். அந்தக் குறையை நிரப்ப, வழிக்குறிப்புகளை எழுதி நாட்குறிப்பில் சேர்க்கும் மாட்களை ரசிகர்களே உருவாக்கினார்கள். நாம் விட்டுவிட்ட வேலையை ஆடுபவர்கள் செய்திருக்கிறார்கள். இது நம்மை உறுத்த வேண்டும்.

அம்புக்குறியை ஒழிக்கச் சொல்லவில்லை. வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் ஆடுபவருக்கு அது பெரிய உதவி. ஸ்கைரிம் அத்தனை பேரைச் சென்றடைந்ததில் அதற்கும் பங்குண்டு. குரல்பதிவு இருந்தால் வழி சொல்ல இயலாது என்ற வாதத்தைத்தான் ஏற்க முடியவில்லை. அசாசின்ஸ் கிரீட் ஒடிசி (2018) முழுக்கக் குரலில் பேசும் கேம். அதன் எக்ஸ்ப்ளோரேஷன் முறையில், தேடும் இடம் எந்தப் பகுதியில், எந்த அடையாளத்துக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்பது குறிப்புகளாகக் கிடைக்கிறது. எழுதத் தொடங்கும்போதே எடுத்த முடிவு இல்லாமல் இது நடக்காது. எல்லாம் முடிந்த பிறகு அமைப்புகளில் சேர்க்கும் ஒரு பொத்தான் அம்பை மறைக்குமே தவிர, வழி சொல்லாது.

எல்டர் ஸ்க்ரோல்ஸின் ஆறாம் பாகம் 2018-இல் அறிவிக்கப்பட்டது. அது எந்தப் பக்கம் திரும்பினாலும், நம் குழுக்கள் இப்போதே செய்யக்கூடிய ஒன்று உண்டு. ஒலிப்பதிவுக்கு முன், அந்த வரைபடத்தைப் பார்த்தேயிராத ஒருவரிடம் வசனத்தை மட்டும் கொடுத்து, அம்புக்குறி இல்லாமல் நடக்கவிடுங்கள். அவர் திகைத்து நிற்கும் இடத்தில் வரியையோ நிலத்தையோ மாற்ற வேண்டியிருக்கும். அந்தக் கட்டத்தில் இரண்டுக்குமே செலவு குறைவு.