கைக்கேற்ற தூரிகை

முகச்சவரத் தூரிகையைப் பற்றியும் எழுதுவதா என்று சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். "விலை கூடியதே சிறந்தது" என்னும் கடைக்காரரின் வாதத்தை யாராவது மறுத்தேயாக வேண்டும்.

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் வன்னியில் சவர்க்காரம் கிடைத்தற்கரிய பொருள். பனம்பழத்தால் துணி வெளுத்த காலம் அது. அன்று ஒரு சிறு சவர்க்காரத் துண்டைப் பல நாட்களுக்கு நுரைக்க வைத்தது தூரிகைதான். சிக்கனத்தின் கருவியை இன்று ஆடம்பரப் பண்டமாக்குவது எந்த வகையில் நியாயம்?

பாட்ஜர் எனும் வளைக்கரடியின் மயிர் நீரை நன்கு தேக்கும், விலையோ உச்சம். பன்றிமயிர் மலிவானது; தொடக்கத்தில் முரடாயினும், சில வாரப் பாவனையில் நுனி பிளந்து மென்மையாகும். செயற்கை இழை விரைந்து உலரும். மயிர்க்கற்றை 20 முதல் 24 மில்லிமீற்றர் விட்டமிருந்தால் பெரும்பாலானோருக்குப் போதும்.

'கையின் அளவுக்கேற்பத் தெரிவு செய்க' என்கிறார்கள். எந்தக் கை? நந்திக்கடலோரத்து வற்றாப்பளையிலும் அயற்கிராமங்களிலும் 2009ஐக் கடந்து வந்தோருள் விரல்களை இழந்தவர்கள் உளர். சிறிய கை, பெரிய கை என்ற பாகுபாடு அவர்களுக்கு எதற்கு? வழுக்காத, தடித்த, இடை ஒடுங்கிய பிடியே அவர்களுக்கு வேண்டியது. அது கிடையாவிடின், மலிவான தூரிகையின் பிடியில் பழைய சைக்கிள் ரியூப்பைச் சுற்றிக் கட்டினாலும் போதும்.

பிறர் உதவியை எதிர்பாராது தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்வதும் தன்மானமே. கடைக்காரரே, விலையைச் சொல்லுமுன் வாங்க வந்தவரின் கையைப் பாருங்கள்.